குருவின் கட்டை விரல்

"இந்த வயதில் உங்களுக்கு எதற்கு ஐயா மந்திரவாதிப் படம்?" என்று கேட்டார் என் நண்பர்.

அவர் கல்லூரிப் பேராசிரியர். நானோ கல்லூரிப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு முடித்துக்கொண்டவன். ஆகவே அவர் கேட்டால் அது கேள்வி. நான் பதில் சொன்னால் அது வாயாடித்தனம். அன்று என் வீட்டுக் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீடு தேடி வந்தவரிடம் சண்டை பிடிப்பது அழகல்ல என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கூடத்தில் தோற்ற வழக்கை அவன் காகிதத்தில் அப்பீல் செய்யலாம். இது அந்த அப்பீல்.

விஷயம் இதுதான். 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' என்று ஓர் அமெரிக்கப் படம் 2016இல் வெளிவந்தது. ஸ்காட் டெரிக்ஸன் இயக்கியது; பெனடிக்ட் கம்பர்பாட்ச் நடித்தது. அது கொட்டகைகளில் ஓடியபோது நான் பார்க்கவில்லை. பல வருஷம் கழித்து என் தங்கை மகன், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தவன், வீட்டுத் தொலைக்காட்சியில் எனக்குப் போட்டுக் காட்டினான். படத்தோடு விட்டானா? அந்தப் படத்துக்கு மூலமான 1963ஆம் வருஷத்துச் சித்திரக் கதைகளின் மறுபதிப்பு ஒன்றையும் கொண்டுவந்து, "மாமா, இதையும் படியுங்கள்" என்று என் மடியில் போட்டான். படித்தேன். படத்தை ஒரு முறையும் புத்தகத்தை மூன்று முறையும் பார்த்தேன். அதைத்தான் நான் அன்று கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை.

அவர் மாத்திரம் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் இருந்தார். அவர், "எல்லாம் நம்மிடமிருந்து திருடினதுதானே! யோகம், மந்திரம், குரு... வெள்ளைக்காரனுக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது?" என்றார். என் மருமானோ, "படத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லக் கூடாது மாமா, அது அற்புதம்" என்றான். ஆக எனக்கு எதிரிகள் மூன்று பேர். மூவருக்கும் வரிசையாகப் பதில் சொல்லுகிறேன்.

முதலில் பேராசிரியர்.

ஐயா, இந்தக் கதையை மந்திரம் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சொல்லுகிறேன், கேளுங்கள். நியூயார்க் நகரத்தில் ஒரு ரண சிகிச்சை நிபுணன். கைராசிக்காரன் என்பதைவிடக் கைத்திமிர் பிடித்தவன் என்பது பொருந்தும். தனக்குப் பேர் வாங்கித் தரும் நோயாளியை மாத்திரம் ஏற்றுக்கொள்ளுகிறவன். இரவு நேரத்தில் காரை ஓட்டிக்கொண்டே, எந்த நோயாளியை எடுக்கலாம், எவனைத் தள்ளலாம் என்று போனில் பேரம் பேசிக்கொண்டு போகிறான். கார் உருளுகிறது. உயிர் பிழைக்கிறது; கை போய்விடுகிறது. விரல்கள் இருக்கின்றன, ஆனால் அவை நடுங்குகின்றன. எந்தக் கையை நம்பி அவன் உலகத்தை அலட்சியம் செய்தானோ அந்தக் கை, ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடவும் லாயக்கில்லாமல் போகிறது. சொத்தையெல்லாம் விற்று வைத்தியம் பார்க்கிறான். கடைசியில் ஒரு குருவைத் தேடி இமயத்தின் அடிவாரத்துக்குப் போகிறான்.

இது என்ன குப்பைக் கதையா? கர்வம் பங்கமாகி, பங்கமானவன் குருவின் காலடிக்கு வந்து சேருவது உங்கள் பாடத்திட்டத்தில் எத்தனை காவியங்களில் வருகிறது என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதில் வந்தால் தத்துவம். வண்ணத் தாளில் அச்சடித்தால் குப்பை. அவ்வளவுதானே வித்தியாசம்?

மூலத்தைச் சொல்லுகிறேன். 'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்' என்ற பத்திரிகையின் 110ஆவது இதழில், 1963 ஜூலையில், இந்த மந்திரவாதி முதன்முதலாக வந்தான். மொத்தம் ஐந்து பக்கம். பத்திரிகையின் கடைசிப் பக்கங்களை நிரப்புவதற்காகப் போட்ட கதை. தூக்கத்தில் கெட்ட கனவு கண்டு துடிக்கும் ஒரு வியாபாரி இவனிடம் வருகிறான். இவன் அந்தக் கனவுக்குள்ளேயே நுழைந்து பார்க்கிறான். கடைசியில் கனவுக்குக் காரணம் பேயல்ல, அந்த வியாபாரி செய்த துரோகம் என்று தெரிகிறது. இவன் யார், எந்த ஊர், எப்படி மந்திரவாதியானான் என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பூர்வ கதை டிசம்பர் இதழில், 115ஆவது எண்ணில் வந்தது. அது எட்டே பக்கம்.

இருபது வருஷமாகச் சிறுகதை எழுதுகிறவன் என்ற யோக்கியதையில் சொல்லுகிறேன்: அந்த எட்டுப் பக்கத்தைப் படித்து நான் பொறாமைப்பட்டேன். பணம் கொடுக்க முடியாத நோயாளியைப் புறக்கணிக்கும் டாக்டர், கை போன பின் கிழக் குருவிடம் வந்து, "என்னைக் குணப்படுத்து" என்கிறான். குரு மறுக்கிறார். உன் நெஞ்சில் சுயநலம் இருக்கிறது, உனக்கு என் உதவி இல்லை என்கிறார். திரும்பிப் போகலாம் என்றால் பனி வழியை அடைத்துவிட்டது. அங்கே தங்கியிருக்கும்போது, மோர்டோ என்ற சீடன் குருவைக் கொல்லச் சதி செய்வதைப் பார்த்துவிடுகிறான். குருவை எச்சரிக்க ஓடுகிறான். ஆனால் மோர்டோ மந்திரத்தால் அவன் வாயைக் கட்டிவிடுகிறான். அந்தச் சதியைப் பற்றி மாத்திரம் பேச வராது. இப்போது அவன் என்ன செய்ய வேண்டும்? மந்திரத்தை மந்திரத்தால்தான் வெல்ல முடியும். அதற்குச் சீடனாகச் சேர வேண்டும். தனக்காக வந்தவன், இன்னொருவர் உயிருக்காகச் சீடனாகிறான். அந்தக் கணத்தில் அவன் தன் கையைப் பற்றிக் கேட்கவில்லை. "எனக்கு எல்லாம் தெரியும், நீ வாய் திறப்பாயா என்று பார்த்தேன்" என்ற பாவனையில் கிழவர் அவனை ஏற்றுக்கொள்ளுகிறார்.

கவனியுங்கள், கை குணமாகவில்லை! குணமடைய வந்தவன், குணத்தை அடைந்தான். கை கிடக்கட்டும் என்று விட்டுவிட்டான். இதை எட்டுப் பக்கத்தில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நானாக இருந்தால் நாற்பது வாரத் தொடர்கதையாக்கி, நடுவில் ஒரு காதலையும் சேர்த்திருப்பேன்.

இரண்டாவது எதிரி பக்கத்து வீட்டுக்காரர். "எல்லாம் நம்முடைய சரக்கு" என்கிறவர்.

நம்முடைய சரக்கு அல்ல என்பதுதான் என் வாதம். இமயமலையில் ஒரு ரகசியக் குரு இருக்கிறார், அவர் தகுதியுள்ள வெள்ளைக்காரனுக்கு வித்தையை உபதேசிப்பார் என்ற கதை நம் பாட்டிமார்கள் சொன்னதல்ல. அந்தக் கதைக்குப் பெரிய அளவில் விளம்பரம் கொடுத்தது பிளவட்ஸ்கி அம்மையாரும் அவருடைய தியசாபிகல் சொசைட்டியும். அது 1875இல் தோன்றியதும் நியூயார்க் நகரத்தில்தான்! பிறகு 1882இல் நம் சென்னை அடையாற்றுக்குத் தலைமையிடத்தை மாற்றினார்கள். திபெத்து மகாத்மாக்களின் கடிதங்கள் என்று சொல்லப்பட்டவை அந்த அடையாற்றில் அதிசயமாக வந்து விழுந்தன. லண்டனிலிருந்து ஆராய வந்தவர் அது மோசடி என்று 1885இல் அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கையே பாரபட்சமானது என்று நூறு வருஷம் கழித்து, 1986இல், ஒரு கையெழுத்து நிபுணர் மறுத்து எழுதினார். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. கதை எங்கே கட்டப்பட்டது என்பதுதான் எனக்கு வேண்டும்.

அதன் பிறகு வரிசையைப் பாருங்கள். 1931இல் அமெரிக்க வானொலியில் 'சாந்து என்ற மந்திரவாதி' தொடர். அமெரிக்கன் ஒருவன் இந்திய யோகியிடம் வித்தை கற்றுத் திரும்புகிற கதை. டாக்டர் ஸ்ட்ரேஞ்சுக்கு வசனம் எழுதிய ஸ்டான் லீ, சிறு வயதில் அந்தத் தொடரைக் கேட்டதன் தாக்கத்தைத் தாமே சொல்லியிருக்கிறார். 1933இல் ஜேம்ஸ் ஹில்டன் என்ற ஆங்கில நாவலாசிரியர் 'லாஸ்ட் ஹொரைசன்' எழுதி, திபெத்து மலைகளில் ஷாங்ரி-லா என்று ஓர் இடத்தையே படைத்துவிட்டார். 1934இல் லீ ஃபாக் படைத்த மாண்ட்ரேக் வந்தான். நீள்குல்லாயும் மேலங்கியும் போட்ட அந்த மாண்ட்ரேக்கைத் தமிழில் படிக்காமல் வளர்ந்தவர்கள் என் தலைமுறையில் யார்? ஆக, 1963இல் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் பிறந்தபோது, இமயத்துக் குரு என்பவர் நியூயார்க்காரர்களுக்கு அத்தை வீட்டு மாமா மாதிரி பழகிப்போனவர். அவர்கள் நம்மிடமிருந்து எடுக்கவில்லை. நம்மைப் பற்றித் தாங்களே கட்டிய கதையிலிருந்து எடுத்தார்கள். நம் முகத்தைக் கோணலாக வரைந்தவனிடம் போய், "என்ன இருந்தாலும் மூக்கு என்னுடையது" என்று பெருமைப்படுவானேன்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசாட்சி உறுத்துகிறது. 1951இல் வந்த 'பாதாள பைரவி'யில் எஸ்.வி. ரங்காராவ் போட்ட வேஷம் என்ன? நேபாள மாந்திரீகன்! நம் ஊர்ப் பேய்க்கதைகளில் சூனியம் வைக்கிறவன் எங்கிருந்து வருவான்? மலையாளத்திலிருந்து. மலையாளத்தார் யாரும் நம்மிடம் வந்து அப்படி அத்தாட்சி கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. நானே இரண்டு கதைகளில் மலையாளத்து மந்திரவாதியைக் கூப்பிட்டிருக்கிறேன். ஏன் என்று அப்போது ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. மந்திரம் எப்போதும் அடுத்த ஊரில்தான் இருக்கிறது. சொந்த ஊரில் வெறும் வாழ்க்கை. இந்தக் குற்றத்தில் எல்லாருக்கும் பங்கு உண்டு. குற்றவாளிக் கூண்டில் நானும் நின்றுகொண்டுதான் மேலே பேசுகிறேன்.

இனி என் மருமான். அவனுக்குத்தான் இந்தக் கட்டுரையில் பெரும் பகுதி.

தம்பி, உன் படத்தில் நல்லது இருக்கிறது. முதலில் அதை ஒப்புக்கொள்ளுகிறேன். கடைசிக் கட்டத்தில் உலகத்தை விழுங்க வரும் டோர்மாமுவை அந்த டாக்டர் அடித்து வெல்லவில்லை. காலத்தை ஒரு வளையமாகச் சுற்றி வைத்துவிட்டு, அதற்குள் திரும்பத் திரும்பச் செத்துக்கொண்டே இருக்கிறான். கொன்று கொன்று சலித்துப்போய் அந்த அரக்கனே பேரத்துக்கு இறங்கி வருகிறான். தோல்விக்குப் பயந்தே வாழ்ந்த ஒருவன், முடிவில்லாமல் தோற்பதற்குச் சம்மதித்து ஜெயிக்கிறான். படம் முடியும்போது உடைந்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளும் அந்தக் கை அப்போதும் நடுங்குகிறது. மூலக் கதையின் உயிரை இந்த இடத்தில் அவர்கள் விடவில்லை. சபாஷ் சொல்லுகிறேன்.

சீடனுக்கு நியாயம் செய்தார்கள். குருவுக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் என் வழக்கு.

சித்திரக் கதையில் குரு திபெத்துக் கிழவர். படத்தில் அவர் கெல்ட் இனத்துப் பெண்மணி. டில்டா ஸ்விண்டன் என்ற ஆங்கிலேய நடிகை. நல்ல நடிகை, அவர் மேல் எனக்கு வழக்கு இல்லை. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு இரண்டு பதில் வந்தது. இயக்குநர், "மர்மமான கீழ்நாட்டுக் கிழவர் என்பது தேய்ந்துபோன அவமானகரமான அச்சு, அதைத் தவிர்த்தேன்" என்ற கருத்தில் பேசினார். கதை எழுதியவர்களில் ஒருவரான ராபர்ட் கார்கில், படம் வெளிவருவதற்கு ஆறேழு மாதம் முன்பு, 2016 ஏப்ரலில், வேறொன்று சொன்னார்: திபெத்தியர் என்று காட்டினால் சீனாவின் கோபத்துக்கு ஆளாகலாம், அந்தச் சந்தை போய்விடலாம் என்று. அது அவருடைய சொந்த அபிப்பிராயமாக இருக்கலாம். ஸ்டூடியோ அப்படி ஒப்புக்கொள்ளவில்லை. குரு என்பது ஒரு பட்டம், அது கைமாறி வருவது, இந்தக் கதையில் அதைத் தாங்குகிறவர் கெல்ட் என்று விளக்கம் கொடுத்தது. படம் சீனாவில் ஓடியது. அங்கே மாத்திரம் பத்துக் கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

இயக்குநரின் காரணத்தையே உண்மையென்று எடுத்துக்கொள்ளுகிறேன். எதிராளியின் நல்லெண்ணத்தை நம்பி வாதாடுவதுதான் மரியாதை. பழைய அச்சு அவமானம் என்றார், வாஸ்தவம். அவமானத்தைப் போக்க என்ன செய்தார்? அவமானப்பட்டவனை வெளியே அனுப்பிவிட்டார். வீட்டில் ஒருவனை வாசலில் உட்கார வைத்துச் சோறு போட்டார்கள்; அது தவறு என்று உணர்ந்த பிறகு, அவனை உள்ளே கூப்பிடாமல் ஊரை விட்டே அனுப்பினார்கள் என்றால், அதைச் சீர்திருத்தம் என்று யாராவது சொல்லுவார்களா?

வேறு வழி இல்லையா? இருந்தது. அதே படத்தில் இருந்தது! சித்திரக் கதையில் டாக்டருக்கு ஒரு கீழ்நாட்டு வேலைக்காரன் உண்டு. முதல் கதையில் அவனுக்குப் பேரே கிடையாது. பிறகு வாங் என்று பேர் வந்தது. தட்டு ஏந்துவதும் கதவு திறப்பதும் அவன் உத்தியோகம். இதைவிட அவமானகரமான அச்சு உண்டா? படத்தில் அவனை என்ன செய்தார்கள்? நூலகத்தின் தலைவனாக்கினார்கள், டாக்டருக்குப் பாடம் சொல்லுகிற ஆசிரியனாக்கினார்கள். பெனடிக்ட் வாங் என்ற நடிகர் அந்தப் பாத்திரத்தை நிமிர்ந்து நின்று செய்தார். வேலைக்காரனை எழுதித் திருத்த முடிந்தது. குருவை ஏன் எழுதித் திருத்த முடியவில்லை? அச்சை உடைக்கப் பேனா போதும். ஆளை மாற்ற வேண்டியதில்லை. இந்த ஒரு கேள்விக்கு அந்தப் படத்தில் பதில் இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. படத்தின் குருகுலம் காத்மாண்டுவில். 2015 ஏப்ரலில் நேபாளத்தைப் பூகம்பம் தாக்கியது. ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் மாண்டார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே படக்குழு அங்கே போய், இடிந்த நகரத்தில் படம் பிடித்தது. அந்தத் துணிவையும் நான் மெச்சுகிறேன். ஆனால் திரையில் அந்த நகரத்து ஜனங்கள் என்னவாக இருக்கிறார்கள்? கூட்டமாக இருக்கிறார்கள். தெருவாக, கோயிலாக, மணியோசையாக இருக்கிறார்கள். ஞானம் இருக்கும் கதவைத் திறந்தால் உள்ளே அவர்களில் ஒருவர் குருவாக இல்லை. ஊர் வேண்டும், மலை வேண்டும், வித்தை வேண்டும்; ஊர்க்காரன் மாத்திரம் வேண்டாம்! தயாரிப்பாளர் கெவின் ஃபைகியே 2021இல் ஒரு பேட்டியில், நாங்கள் பெரிய சாமர்த்தியம் செய்வதாக நினைத்தோம், அது கண்ணைத் திறந்துவிட்டது என்ற கருத்தில் ஒப்புக்கொண்டார். ஐந்து வருஷம் கழித்தாவது ஒப்புக்கொண்டாரே என்று நானும் விட்டுவிடலாம்.

ஆனால் இரண்டாவது குரு ஒருவர் இருக்கிறார். அவரை விட முடியாது.

அவர் பேர் ஸ்டீவ் டிட்கோ. பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் என்ற எஃகு ஆலை ஊரில் 1927இல் பிறந்தவர். தகப்பனார் ஆலைத் தச்சர். நியூயார்க்கில் ஒரு சிறு அறையில் உட்கார்ந்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலிக்கு வரைந்தவர். சிலந்தி மனிதனை 1962இல் ஸ்டான் லீயோடு சேர்ந்து படைத்த அதே கை. அந்தக் கம்பெனியில் வேலை நடந்த முறையே விசித்திரமானது. கதையின் கருவை வாயால் பேசிக்கொள்ளுவார்கள். சித்திரக்காரர் முழுக் கதையையும் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்துவிடுவார். அதன் பிறகு வசனம் எழுதப்படும். அப்படியானால் கதாசிரியர் யார்? நம்மூரில் இந்தக் கேள்வி கேட்டால் சிரிப்பார்கள். அங்கே அறுபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. முதல் கதை வெளிவருமுன், 1963 ஜனவரியில், ஸ்டான் லீ ஒரு ரசிகருக்கு எழுதிய கடிதத்தில், இது ஸ்டீவின் யோசனை என்று தம் கைப்பட எழுதியிருக்கிறார்.

டிட்கோவின் சித்திரங்களில் நான் முதலில் பார்த்தது கைகளை. அவர் வரைந்த கைகள் பேசுகின்றன. அந்த மந்திரவாதி மந்திரத்தை வாயால் சொல்லுவதைவிட விரல்களால் சொல்லுகிறான்: இரண்டு விரல் மடங்கி, இரண்டு விரல் நீண்டு, நம் பரத நாட்டிய முத்திரைகளை நினைவூட்டும் வகையில். வேறு உலகங்களை அவர் வரைந்த விதமோ, தரையும் கூரையும் இல்லாமல், கதவுகள் அந்தரத்தில் தொங்க, பாதைகள் நாடா மாதிரி சுருண்டு ஓட, அதற்கு முன் யாரும் பார்க்காதது. 1965இல் சான் பிரான்சிஸ்கோ இளைஞர்கள் டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் பேரைச் சொல்லி ஒரு நடன விழாவே நடத்தினார்கள். இப்படி வரைகிறவன் ஏதோ போதை மருந்து சாப்பிடுகிறவனாகத்தான் இருக்க வேண்டும் என்று வாசகர்கள் நம்பினார்கள். மனிதரோ அயன் ராண்டின் பகுத்தறிவுக் கொள்கையில் ஊறிய கறார்ப் பேர்வழி! மந்திரத்தை நம்பாத ஒருவர் வெறும் பேனாவையும் மையையும் கொண்டு மந்திரம் செய்தார். 1966 ஜூலை இதழோடு நிறுத்திக்கொண்டு, அந்தக் கம்பெனியை விட்டு வெளியேறினார். பிறகு பேட்டி கொடுக்கவில்லை, புகைப்படத்துக்கு நிற்கவில்லை. வேலை பேசட்டும் என்று இருந்துவிட்டார்.

படம் உலகம் முழுவதும் 67 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. மடங்கும் நகரங்களும் சுருளும் வானமும் எல்லாரையும் மயக்கின. காட்சி ஜாலத்துக்காக ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரை வந்தது. அந்த ஜாலத்தின் விதை யாருடையது? பேர் வரிசையில் டிட்கோவின் பேர் இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் படத்தில் ஒரு பேருந்துக்குள் உட்கார்ந்து புத்தகம் படித்துச் சிரிக்கிற கௌரவத் தோற்றம் ஸ்டான் லீக்கு. ஜனங்கள் கை தட்டினார்கள். டிட்கோ 2018இல், தொண்ணூறு வயதில், நியூயார்க்கில் தம் வாசஸ்தலத்தில் தனியாக இறந்து கிடந்தார். 2021இல் அவருடைய வாரிசு, படைப்பின் உரிமையைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் கொடுத்தார். கூலிக்குச் செய்த வேலை, உரிமை எங்களுடையது என்று கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 2023 டிசம்பரில் சமரசம் ஆயிற்று.

இதைச் சொன்னபோது என் மருமான், "மாமா, ஒப்பந்தம் அப்படித்தானே? தெரிந்துதானே வரைந்தார்?" என்றான்.

தம்பி, உன் மாமாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன். பதினைந்து வருஷத்துக்கு முன் என் கதை ஒன்றை ஒரு படத் தயாரிப்பாளர் வாங்கினார். எனக்கு அப்போது வீட்டு வாடகை மூன்று மாசம் பாக்கி. பத்திரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன், தப்பு என்னுடையது. படம் வந்தது, ஓடியது. நன்றி தெரிவிக்கும் பேர்களுக்கு நடுவில், சமையல் கான்டிராக்டருக்குப் பக்கத்தில், என் பேரும் ஓடியது. உன் அத்தை அதைப் பார்ப்பதற்குள் மறைந்துவிட்டது, "எங்கே, எங்கே?" என்று அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. சட்டப்படி எனக்கு ஒரு காசு பாக்கி இல்லை. ஆனால் சட்டம் தீர்ந்த இடத்திலும் கடன் தீராமல் நிற்கிறது என்பதை நான் அன்று இருட்டில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். டிட்கோவுக்காக நான் பேசுவதில் என் வயிற்றெரிச்சலும் கலந்திருக்கிறது. கலப்படம் இல்லாத நியாயத்தை எங்கே போய்த் தேடுவது?

உன் படத்திலிருந்தே ஒரு சாட்சியைக் கூப்பிடுகிறேன். மோர்டோ இருக்கிறானே, மூலத்தில் குருவைக் கொல்லத் துணிந்தவன், படத்தில் நேர்மைக்காரனாக வருகிறான். அவன் கடைசியில் என்ன சொல்லிவிட்டுப் போகிறான்? இயற்கையின் விதியை வளைத்துக் காரியம் சாதித்தால், அதற்கான பில் ஒரு நாள் வந்தே தீரும் என்கிறான். மிகவும் சரி. அந்த வசனத்துக்குச் சம்பளம் கொடுத்தவர்களுக்கு அது கேட்கவில்லையா? திபெத்துக் கிழவரை மறைத்ததற்கு ஒரு பில். கூலிக்கு வரைந்தவரின் கைக்கு ஒரு பில். முதலாவது 2021இல் பேட்டியாக வந்தது. இரண்டாவதும் அதே 2021இல் வக்கீல் நோட்டீஸாக வந்தது.

நம் ஏகலைவன் கதையில் குரு சீடனின் கட்டை விரலைக் காணிக்கையாக வாங்கினார். அந்த அநியாயத்துக்காக நாம் இன்றுவரை துரோணரை மன்னிக்கவில்லை. இந்தக் கதையில் எல்லாம் தலைகீழ். சீடர்கள் கூடி, குருவின் கட்டை விரலை வாங்கிக்கொண்டார்கள். வாங்கியதோடு நில்லாமல், அந்த விரலாலேயே குருபக்தியைப் பற்றி ஒரு படமும் எடுத்தார்கள். அதுவும் நல்ல படமாக எடுத்துவிட்டார்களே, அதுதான் எனக்கு வேதனை! மோசமான படமாக இருந்திருந்தால் பேராசிரியரோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன்.

கடைசியாக, பேராசிரியருக்கு ஒரு வார்த்தை. எந்த வயதில் மந்திரவாதிப் படம் பார்ப்பது என்று கேட்டீர்கள். கை நடுங்கத் தொடங்கும் வயதில் பார்க்கலாம், ஐயா. புத்தகம் என் மேஜை மேல் இருக்கிறது, எட்டே பக்கம்தான். அடுத்த முறை காப்பிக்கு வரும்போது படித்துப் பாருங்கள். படித்த பிறகு குப்பை என்று சொன்னால் ஒப்புக்கொள்ளுகிறேன். படிக்காமல் சொன்னால், நோயாளியைப் பார்க்காமலே தள்ளிவிட்ட அந்த டாக்டருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?